உசிலம்பட்டி பக்கம் 7 கி.மீ. ரோடு வேலை: டிப்பர் இன்னும் நாலு கேட்கலாமா, வேண்டாமா?

உசிலை சைட்

எல்லாருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில் ஒரு ரோடு வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். மெயின் ஒப்பந்ததாரர் வேறு, எங்கள் முதலாளி அவரிடம் சப் எடுத்திருக்கிறார். மொத்தம் 7 கி.மீ. அதில் 2 கி.மீ. ஊர்களுக்குள் போகிறது. அங்கே 3.75 மீட்டர் ரோட்டை இரண்டு பக்கமும் வெட்டி 5.5 மீட்டராக அகலப்படுத்த வேண்டும். மீதி 5 கி.மீ. கரிசல் காடு. அங்கே பழைய ரோட்டையே பிரித்து எடுத்துவிட்டு அடியில் இருந்து போடுகிறோம். அடியில் ஜி.எஸ்.பி. (சரளை, ஜல்லி அடுக்கு) 200 மி.மீ., மேலே வெட் மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லி) 150, அதற்கு மேல் இரண்டு தார்க் கலவை அடுக்கு: டி.பி.எம். 50, பி.சி. 30.

கையில் இருப்பது: கிரேடர் (பரப்பிச் சமன் செய்வது) ஒன்று, பெரிய காம்பாக்டர் (ரோலர்) ஒன்று, வெட் மிக்ஸ் பேவர் (விரிக்கும் மெஷின்) ஒன்று, ஹிட்டாச்சி (மண் அள்ளுவது) ஒன்று, ஜே.சி.பி. ஒன்று, டாரஸ் டிப்பர் 8, 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று. எல்லாமே வாடகை. டீசல் எங்களது. வெட் மிக்ஸ் பிளாண்ட் 22 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஜி.எஸ்.பி.யைக் குவாரிக்காரரே தன் வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிடுகிறார், அதற்கு சைட்டில் இறக்கிக் கொடுக்கும் விலை.

ஒரு நாளைக்கு 250 மீட்டர் வெட் மிக்ஸ் என்று திட்டம். நடப்பது 140, 150. பேவர் ஆட்கள் பாதி நேரம் வேப்ப மரத்து நிழலில் போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி வந்து பார்க்கும் நேரத்தில்தான் அது நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். "டிப்பர் பத்தல, நாலு சேர்த்து எடுறா" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசக் கணக்கு வேண்டுமே.

டீசல் பில்லும் எகிறுகிறது. அப்புறம் மெயின் ஒப்பந்ததாரர் ஆபீசில் கம்ப்யூட்டரில் பார் சார்ட் (எந்த வேலை எப்போது என்ற அட்டவணை) போட்டுக் கொடு என்கிறார்கள். தீபாவளிக்குள் கரிசல் பகுதியை முடிக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மேலூரான்

தம்பி, முதலாளியிடம் பேசும் முன் பென்சிலை எடுங்கள்.

250 மீட்டர் நீளம், 5.5 அகலம், 0.15 கனம். பெருக்கினால் 206 கன மீட்டர். ரோலர் ஓட்டி இறுகிய வெட் மிக்ஸ் கன மீட்டருக்கு 2.25 டன் என்று வையுங்கள், 464 டன் வருகிறது. டாரஸ் 17 டன் ஏற்றுகிறது என்றால் 28 நடை. இதை யூனிட்டில் போடாதீர்கள். யூனிட் என்பது 100 கன அடி, அதுவும் வண்டிப் பெட்டியில் தளர்வாகக் கிடக்கும் சரக்கு. ரோட்டில் போட்டு அமுக்கினால் 1.3 கன மீட்டர் 1 ஆகிவிடும். இந்த இடைவெளியில்தான் பல சைட்டில் சரக்கு "காணாமல்" போகிறது. எடைமேடைச் சீட்டு ஒன்றுதான் பேச வேண்டும்.

இனி வண்டியின் சுற்று நேரம். பிளாண்டில் ஏற்ற 10 நிமிடம், எடை போட்டுச் சீட்டு வாங்க 5, லோடோடு 22 கி.மீ. வர 50, இங்கே பேவரில் இறக்கித் திரும்ப 15, காலி வண்டி போக 40. ஆக 120 நிமிடம். உங்களுக்கு 28 வண்டி 9 மணி நேரத்தில் வர வேண்டும், அதாவது 19 நிமிடத்துக்கு ஒரு வண்டி. 120-ஐ 19-ஆல் வகுத்தால் ஆறேகால் சொச்சம். ஏழு வண்டி போதும். எட்டு வைத்திருக்கிறீர்கள். பஞ்சர், பிரேக் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று உபரி.

ஆக, டிப்பர் எண்ணிக்கையில் குறை இல்லை. அப்புறம் ஏன் பேவர் நிற்கிறது? "பாதி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று எழுதினீர்களே தவிர, எதற்காக என்று எழுதவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிப் பேவர் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்துங்கள். பேவர் நிற்கும்போது மணி, ஓடும்போது மணி, நின்ற காரணம். காரணத்தை அவனே எழுதட்டும், பேவர் ஆபரேட்டர் சொல்லி எழுத வேண்டாம். ஆபரேட்டர் எல்லாருமே வண்டி வரலை என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள் முழுக்க எழுதிவிட்டு இங்கே போடுங்கள். அதுவரை நாலு டிப்பர் பேச்சைத் தள்ளிப் போடுங்கள்.

வாடிப்பட்டி டாரஸ்

வண்டிக்காரன் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். மேலூரான் அண்ணன் கணக்கு சரி. ஆனால் 19 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பது தாளில்தான் வரும். எட்டு டிரைவரும் காலையில் ஒரே டீக்கடையில் நின்று ஒன்றாகக் கிளம்பினால் பிளாண்டில் கடைசி வண்டி முக்கால் மணி, ஒரு மணி நேரம் நிற்கும். அப்புறம் ஒரே ரயில் மாதிரி வரிசையாக சைட்டுக்கு வரும். அங்கேயும் நிற்கும். அன்றைக்கு முழுக்க அந்த வரிசை கலையாது. பேவர் ஒரு மணி நேரம் சும்மா, அடுத்த ஒரு மணி நேரம் வண்டி சும்மா.

இன்னும் நாலு வண்டி விட்டால் அந்த வரிசை நீளுமே தவிர வேலை கூடாது. நிற்கிற வண்டிக்கும் ஏ.சி. போட்டுக்கொண்டு டிரைவர் எஞ்சினை அணைக்க மாட்டான், இதை நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது: முந்தின நாள் இரவே வண்டி வாரியாகக் கிளம்பும் நேரத்தை டிரைவர் குரூப்பில் போட்டுவிடுங்கள். முதல் வண்டி 5.45-க்கு ஏற்ற வேண்டும் என்றால் கடைசி வண்டி 8 மணிக்கு வந்தால் போதும். கடைசியாக வருகிறவன் மறுநாள் முதல் வண்டி. அப்போதுதான் யாருக்கும் வருத்தம் இருக்காது. பிறகு பாட்டா. நடைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் உசிலம்பட்டி ஊருக்குள் ஸ்கூல் விடும் நேரத்தில் பறப்பான். நாளுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மரத்தடியில் படுப்பான். நாங்கள் நாள் பாட்டா கொடுத்து, நாலாவது நடைக்கு மேல் போனால் தனியாகக் கொடுக்கிறோம். சரியாக வருகிறது.

லேப் அக்கா

நான் குவாலிட்டி கண்ட்ரோலில் இருக்கிறேன், இப்போது நத்தம் ரோடு பக்கம் சைட். டிப்பரைக் கூட்டினால் சும்மா நிற்பது மட்டும் பிரச்சினை இல்லை தம்பி. இது ஆடி மாதம். உங்கள் ஊரில் அடிக்கும் மேல்காற்று உங்களுக்கே தெரியும். வெட் மிக்ஸ் பிளாண்டை விட்டு வரும்போது சரியான ஈரத்தில் இருக்கும். வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றால் மேல் சரக்கு சாம்பல் நிறமாக வெளுத்துவிடும். அதைப் பேவரில் போட்டால் பெரிய ஜல்லி தனியாக, தூள் தனியாகப் பிரிந்து விழும். ரோலர் எத்தனை பாஸ் போட்டாலும் 98 சதவீத அடர்த்தி வராது. வராவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்கள் சைட்டில் என்னைப் போல ஒருத்தர் இருப்பார், அவரும் போட மாட்டார்.

எனவே தார்ப்பாய் மூடித்தான் வண்டி வர வேண்டும். பல பேர் தார்ப்பாய் தார்க் கலவைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். பிளாண்டில் உகந்த ஈரத்தைவிட அரை சதவீதம், ஒரு சதவீதம் கூட்டி அனுப்பச் சொல்லுங்கள், வழியில் போகிறது அதில் சரியாகும். எவ்வளவு கூட்டுவது என்பதை சைட்டில் இறங்கும் சரக்கில் ஈரம் பார்த்து முடிவு செய்யுங்கள், பிளாண்ட் ஆபரேட்டர் வாய்க்கணக்கில் வேண்டாம்.

ஊருக்குள் 2 கி.மீ. இரண்டு பக்கமும் அகலப்படுத்துகிறோம் என்றீர்களே. 3.75-ல் இருந்து 5.5 என்றால் பக்கத்துக்கு 87.5 செ.மீ. உங்கள் காம்பாக்டர் டிரம் அகலம் என்ன? அந்தப் பள்ளத்துக்குள் அது இறங்குமா?

உசிலை சைட்

எல்லாருக்கும் நன்றி. மேலூரான் அண்ணே, நோட்டு போட்டுப் பார்த்துவிட்டேன். காலை 7 முதல் மாலை 5, சாப்பாட்டு நேரம் போக 9 மணி நேரம்.

பேவர் ஓடியது 5 மணி 10 நிமிடம். வண்டி வராமல் நின்றது 55 நிமிடம். சென்ஸார் கம்பி மாற்ற, ஆயில் பார்க்க என்று 30 நிமிடம். மீதி 2 மணி 25 நிமிடம் "முன்னாடி பெட் ரெடி இல்லை". அன்றைக்குப் போட்டது 150 மீட்டர்.

அந்தப் பையன் ஒரு விஷயம் எழுதியிருந்தான்: மத்தியானம் பேவர் நின்றபோது அதன் முன்னால் ஐந்து டிப்பர் லோடோடு நின்றிருக்கிறது. நான் அந்த நேரம் சிறுபாலம் கம்பி செக் பண்ணப் போயிருந்தேன்.

பெட் ரெடி இல்லை என்றால் என்னவென்றால், ஜி.எஸ்.பி. கொட்டிக் கிடக்கிறது, கிரேடர் பரப்பிவிட்டது, தண்ணீர் லாரி வரவில்லை, அதனால் ரோலர் போடவில்லை. தண்ணீர் லாரிக்காரரைக் கேட்டால் கிணற்றில் கரண்டு இல்லை என்கிறார்.

அக்கா, டிரம் அகலத்தை டேப் வைத்து அளந்தேன். 2 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இறங்காது.

மேலூரான்

பார்த்தீர்களா. 150 மீட்டரை 5 மணி 10 நிமிடத்தில் போட்டிருக்கிறீர்கள், மணிக்கு 29 மீட்டர். நிற்காமல் ஓடினால் 9 மணி நேரத்தில் 250 தாண்டும். பேவரிலும் குறை இல்லை, டிப்பரிலும் இல்லை. உங்கள் சைட்டின் கழுத்தைப் பிடித்திருப்பது அந்த ஒற்றைத் தண்ணீர் லாரி. ரோட்டு வேலையில் டிப்பரை எண்ணாத முதலாளி கிடையாது, தண்ணீரை எண்ணுகிற முதலாளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

தண்ணீருக்கும் கணக்குப் போடுவோம். ஜி.எஸ்.பி. 6 மீட்டர் அகலம் விரிக்கிறீர்கள் என்று வைக்கிறேன். 250 மீட்டருக்கு 0.2 கனத்தில் 300 கன மீட்டர், சுமார் 630 டன். குவாரியில் இருந்து காய்ந்து வருகிறது. ரோலர் பிடிக்கும் ஈரத்துக்கு நாலரை சதவீதம் சேர்க்க வேண்டியிருக்கும். 28,000 லிட்டர். அதற்கே இரண்டரை லாரி. வெட் மிக்ஸ் போடும் முன் பெட்டை நனைக்க, டைவர்ஷன் பாதையில் தூசி அடங்கத் தெளிக்க, சிறுபாலத்துக் கான்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங் என்று இன்னும் இரண்டரை. காற்றில் போவதைக் கணக்கில் சேர்க்காமலே ஒரு நாளைக்கு ஐந்து லாரி. இப்போது உங்கள் லாரி எத்தனை நடை அடிக்கிறது? நிரப்ப முக்கால் மணி, போக வர அரை மணி, ஒரே சீராகத் தெளிக்க முக்கால் மணி. ஒரு நடைக்கு 2 மணி நேரம், 9 மணி நேரத்தில் நாலு. அதுவும் கிணற்றில் மோட்டார் ஓடினால்.

இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. "கிணற்றில் கரண்டு இல்லை" என்கிறாரே, அது மும்முனை மின்சாரம் வரும் நேரம் இல்லை என்று அர்த்தம். அப்படியென்றால் விவசாய இலவச இணைப்பில் இருந்து ரோட்டு வேலைக்குத் தண்ணீர் எடுக்கிறீர்கள். ஈ.பி.காரர் பார்த்தால் கிணற்றுக்காரர் இணைப்புக்கே ஆபத்து, ஊரில் உங்கள் பேரும் கெடும். இன்றைக்கே நிறுத்துங்கள். டீசல் பம்ப் ஒன்று வாடகைக்கு எடுத்து, கிணற்றுக்காரரிடம் தண்ணீருக்குப் பேசி எழுதி வாங்குங்கள்.

நான் சொல்லும் வழி: நாலு டாரஸுக்குப் பதில் 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் இரண்டு. உசிலம்பட்டி பக்கம் டிராக்டர் டேங்கருக்குப் பஞ்சமே இல்லை, கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் அடிக்கிறவர்களைக் கேளுங்கள். அப்புறம் சைட்டுக்கு நடுவில் மேட்டில் ஒரு பள்ளம் தோண்டித் தடித்த தார்ப்பாய் விரித்துத் தொட்டி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க டீசல் பம்ப்பும் ஒரு டேங்கரும் அதை நிரப்பட்டும். காலையில் லாரி கிணற்றுக்கு ஓடாமல் பக்கத்தில் மொண்டு தெளிக்கும். நிரப்புகிற முக்கால் மணி பெரிய பம்ப்பில் பத்து, பதினைந்து நிமிடமாகும். சுற்றிலும் வேலி போட்டு இரவில் சிவப்பு விளக்கு வைக்க மறக்காதீர்கள், ஊர்ப் பிள்ளைகள் நீச்சலுக்கு வந்துவிடும்.

கிரேடர் இன்று பரப்பும் இடம் நாளை மறுநாள் பேவர் போகும் இடமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் வேலை, அதாவது 250 மீட்டர், ரெடி பெட் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஜல்லியை ஸ்டாக் வைக்கிற மாதிரி ரெடி பெட்டையும் ஸ்டாக் வையுங்கள். ஆனால் அரை கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். மழை ஒன்று அடித்தாலோ, நெல் லாரி ஏறினாலோ மறுபடி கிரேடர் விட வேண்டும்.

பார் சார்ட் விஷயம். மெயின் ஆபீஸ் கேட்கிறது, போட்டுக் கொடுத்துவிடுங்கள், அது அவர்கள் மீட்டிங்குக்கு. உங்களுக்கு வேண்டியது ஸ்ட்ரிப் சார்ட். சார்ட் பேப்பரை நீளமாக ஒட்டி, 7 கி.மீ.யை 100 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். 70 கட்டம். கீழிருந்து மேலாக மண், ஜி.எஸ்.பி., வெட் மிக்ஸ், பிரைம் (வெட் மிக்ஸ் மேல் தெளிக்கும் தார்), டி.பி.எம்., பி.சி. என்று வரிசை. மேலே சிறுபாலம், ஈ.பி. கம்பம், குடிநீர்க் குழாய், புளிய மரம் எல்லாவற்றையும் அந்தந்த கட்டத்தில் குறியுங்கள். முடிந்த கட்டத்துக்குத் தேதியோடு கலர் அடியுங்கள். பார் சார்ட் எப்போது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. ரோட்டில் எங்கே என்பதுதான் எல்லாத் தகராறும். சிறுபாலம் ஒன்று முடியாமல் கிடந்தால் அந்த இடத்தில் கலர் அறுந்து நிற்கும். கிரேடர், பேவர், ரோலர் மூன்றும் அங்கே வந்து தாண்டிப் போய், பிறகு 30 மீட்டருக்காகத் திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்பி வரும் நாளுக்கும் முழு வாடகை. அதனால் சிறுபாலம் ஆட்களை எப்போதும் குறைந்தது ஒன்றரை கி.மீ. முன்னால் ஓட விடுங்கள்.

கிரேடர் வாடகை பற்றி ஒரு வார்த்தை. மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி என்று எழுதியிருப்பார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காசு. எங்கள் காலத்தில் இருந்தே இதுதான் வழக்கம். ஆகவே வேலை இல்லாத பதினைந்து நாளுக்கு ஆஃப் ஹயர் (வாடகை நிறுத்தம்) உண்டா, பிரேக் டவுன் நேரம் யார் தலையில், கொண்டுவந்து இறக்க, திரும்ப ஏற்றும் டிரெய்லர் செலவு யாருடையது என்று அடுத்த ஒப்பந்தத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சில் விடாதீர்கள்.

வாடிப்பட்டி டாரஸ்

டீசல் பற்றி யாரும் தொடவில்லையே. எங்கள் வழி: தினமும் காலையில் ஒரே சமதளமான இடத்தில் நிறுத்தி டேங்க் கழுத்து வரை நிரப்ப வேண்டும். நிரப்பின லிட்டர்தான் நேற்றுக் குடித்தது. டிப்பருக்குக் கிலோமீட்டரால் வகுக்க வேண்டும், மற்ற மெஷினுக்கு ஹவர் மீட்டரால். லோடு போய்க் காலி வரும் டாரஸ் லிட்டருக்கு மூன்று, மூன்றரை கி.மீ. கொடுத்தால் நல்ல வண்டி. இரண்டரைக்குக் கீழே போனால் ஒன்று இன்ஜெக்டர், இல்லாவிட்டால் வேறு சங்கதி.

டிப் குச்சி விட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலே இருபது லிட்டர் கூடவும் குறையவும் காட்டும். டிரைவர் மேல் சந்தேகப்பட்டு அந்தக் குச்சிக் கணக்கில் சம்பளத்தைப் பிடித்து, மறுநாள் நாலு பேர் வண்டியை விட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஹவர் மீட்டரில் ஒரு சூது உண்டு. எஞ்சின் சும்மா ஓடினாலும் மீட்டர் ஏறும். அதனால் மணிக்கு இத்தனை லிட்டர் என்பது அழகாக வரும், வேலை மட்டும் நடந்திருக்காது. ஹிட்டாச்சிக்கு லிட்டரோடு, எத்தனை டிப்பர் மண் ஏற்றியது என்றும் எழுதுங்கள். ஒரு டிப்பர் மண்ணுக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்தால்தான் தெரியும்.

லேப் அக்கா

அகலப்படுத்தும் பள்ளத்துக்கு வருகிறேன். 87.5 செ.மீ. பள்ளத்தில் பெரிய காம்பாக்டர் ஒரு பக்கம் பழைய தார் ரோட்டில் ஏறிக்கொண்டுதான் ஓடும். மேலே பார்த்தால் ரோலர் போன மாதிரி இருக்கும், உள்ளே சரக்கு இறுகியிருக்காது. ஆறு மாதத்தில் பழைய ரோட்டுக்கும் புதுசுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி நீளமாக விரிசல் விடும். எத்தனை ரோட்டில் பார்க்கிறோம். இரண்டு வழி இருக்கிறது. ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) பேசி, இடம் இருக்கும் பக்கமாக ஒரே பக்கத்தில் 1.75 மீட்டரும் வெட்டுங்கள், பழைய ரோட்டு ஓரத்தையும் படிப்படியாகக் கொஞ்சம் வெட்டி எடுத்தால் 2.2, 2.3 மீட்டர் கிடைக்கும், டிரம் இறங்கிவிடும். மையக்கோடு நகரும் என்பதால் எழுத்தில் அனுமதி வேண்டும். அது முடியாத இடத்தில், வீட்டு வாசல்கள் நெருக்கும் இடத்தில், நடந்து ஓட்டும் சின்ன ரோலர் வாடகைக்கு எடுத்து, 200 மி.மீ.யை ஒரே தடவையில் போடாமல் 100, 100-ஆகப் போடுங்கள். சின்ன ரோலருக்கு அதற்கு மேல் ஆழம் இறங்காது. வேலை மெதுவாகத்தான் போகும். திட்டத்தில் ஊர்ப் பகுதிக்கும் கரிசல் பகுதிக்கும் ஒரே வேகம் போட்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

கரிசலில் ஐப்பசி மழை பிடிக்கும் முன் வெட் மிக்ஸ் மேல் டி.பி.எம். ஏறிவிட வேண்டும். திறந்த வெட் மிக்ஸ் மேல் மழை நின்றால் தண்ணீர் கீழே கரிசலுக்குப் போகும், கரிசல் உப்பும், நீங்கள் இப்போது படும் பாடு முழுக்க வீண். வெட் மிக்ஸ் 3 கி.மீ. ஆனதும் நிறுத்தி அதற்கு டி.பி.எம். போட்டுவிட்டு மீதிக்குப் போங்கள். 5 கி.மீ.யும் வெட் மிக்ஸ் முடித்துவிட்டுத்தான் தார் என்று இருக்காதீர்கள்.

தார் வேலைக்கும் இப்போதே கணக்கு. 1 கி.மீ.க்கு டி.பி.எம். 275 கன மீட்டர், ஏறக்குறைய 646 டன். தார் நாலரை சதவீதம், 29 டன். பி.சி. 165 கன மீட்டர், 396 டன். தார் 5.4 சதவீதம், 21 டன். ஆக கி.மீ.க்கு 50 டன், 5 கி.மீ.க்கு 250 டன். 20 டன் டேங்கர் என்றால் 12, 13 டேங்கர் வர வேண்டும். பி.சி.யில் பிளாஸ்டிக் துருவல் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்களா என்று எஸ்டிமேட்டில் பாருங்கள். நம்ம தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் சார் கொண்டுவந்த முறைதான். சூடான ஜல்லி மேல் முதலில் துருவல், பிறகு தார். தார் எடையில் 8 சதவீதம் என்றால் கி.மீ.க்கு 1.7 டன் துருவல். கேட்க லேசாக இருக்கும். காய்ந்த, சுத்தமான, சரியான அளவில் வெட்டின துருவல் அவ்வளவு ஒரே சமயத்தில் கிடைக்காது. முதல் பி.சி. நாளன்று தேடினால் பிளாண்ட் நிற்கும்.

தார் வி.ஜி. 30 ரகம் என்றால் கலவை பேவரில் இறங்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. ரோலர் வேலை 90-க்கு முன் முடிய வேண்டும். அப்போதும் டிப்பர் வரிசை கட்டி நின்றால் கடைசி வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

மேலூரான்

அக்கா சொன்ன 250 டன் தாரில் முதலாளிக்கு ஒரு தகவல் சேர்க்கிறேன். ஆயில் கம்பெனி தார் விலை மாதம் இரண்டு தடவை, 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் மாறும். பணம் முன்கூட்டியே கட்டினால்தான் டேங்கர் ஏறும். பார்ட் பில் (முடிந்த வேலைக்கான பில்) பணம் எப்போது வரும் என்று தெரியாமல் தார் தேதி குறிக்க முடியாது. ஜி.எஸ்.பி., வெட் மிக்ஸ் அளவுகளை எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) ஏற்றும் வேலையை இந்த மாதமே ஏ.இ. பின்னால் நின்று முடியுங்கள். குவாரி நடைச்சீட்டுகளைத் தேதி வாரியாக ஃபைல் போடுங்கள். பில்லின்போது அதைக் கேட்டுத்தான் நிறுத்துவார்கள்.

நாலு டாரஸ் வாடகையில் மிச்சமாகும் காசு இரண்டு டிராக்டர் டேங்கர், டீசல் பம்ப், சின்ன ரோலர் மூன்றுக்கும் காணும் என்று என் கணக்கு. உங்கள் ஊர் வாடகையில் போட்டுப் பாருங்கள். முதலாளியிடம் போகும்போது அந்தப் பையன் எழுதின நோட்டையும் கொண்டுபோங்கள். நீங்கள் சொன்னால் வாதம், நோட்டைக் காட்டினால் பேச்சு இல்லை.

உசிலை சைட்

முதலாளியிடம் நோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "ஐந்து வண்டி நின்னுச்சா, எவன் வண்டி?" என்றுதான் முதலில் கேட்டார். டிராக்டர் டேங்கருக்கு ஒத்துக்கொண்டார். சின்ன ரோலர் பற்றி ஏ.இ. வந்து சொல்லட்டும் என்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். பக்கத்தில் ஒரு கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. அதில் எடுத்தால் கிணற்றுக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டாமே என்கிறார் முதலாளி. எடுக்கலாமா?

லேப் அக்கா

நீர்வளத் துறை அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். ஆடி மாதத்தில் கண்மாயில் கிடக்கும் தண்ணீர் ஆடு மாட்டுக்கு இருக்கிற கடைசித் தண்ணீர், ஊர் சும்மா விடாது. அனுமதியே கிடைத்தாலும் மண், ஜி.எஸ்.பி.க்கு மட்டும் வையுங்கள். சிறுபாலம் கான்கிரீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்றாலும் லேபில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான். பி.எச். 6-க்குக் குறையக் கூடாது, உப்பும் பார்க்க வேண்டும். உங்கள் பக்கம் பல கிணறு உவர்ப்பு. இப்போது கியூரிங்குக்கு அடிக்கும் கிணற்றுத் தண்ணீரிலும் 2 லிட்டர் கேனில் பிடித்து நாளைக்கே அனுப்புங்கள்.